உச்சித் துளையில் சிக்கிய நூல்

பூபதிக்கு நான் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஒன்றில் இருவரும் வேலை செய்தோம். அதே வண்டியை முழங்கை நீளத்தில் பொம்மையாகச் செய்து தரச்சொல்லி முன்பணமாகக் கொடுத்தான். பணம் மழை மாதத்தில் அரிசியாகிவிட்டது. பொம்மை பாதியில் நின்றது.

அதற்குள் பூபதி போய்விட்டான். வண்டியின் மாஸ்ட், அதுதான் துளைக்கும் இரும்புக் கோபுரம், அதன் உச்சிக் கப்பியில் ரோப் சிக்கியது. விடுவிக்க ஏறியவன் விழுந்தான். அன்று ஏற வேண்டியது என் முறை. முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

"கெழவா, நீ கீழயே ரோப்பைப் புடிச்சுட்டு நில்லு. ரெண்டு தரம் இழுத்தன்னா சிக்கெடுத்தாச்சுன்னு வெச்சுக்க" என்று சிரித்துக்கொண்டே ஏறினான்.

என் கையில் ரோப் அசையவே இல்லை.

சென்ற மாதம் அவன் மனைவி சாரதாமணி வந்தாள்.

"ஏனுங்ணா, பணம் வேண்டாங்க. வர்ற வெள்ளிக்கெழம அவருக்கு வருசம் திரும்புது. படத்துக்கு முன்னால அந்த வண்டிய வெக்கோணும்."

"ரோப்புக்கு நூல் கோக்கறதுதாம்மா பாக்கி."

பொம்மையின் மாஸ்ட்டுக்குள் தீர்ந்துபோன பேனா ரீஃபில் குழாய். உச்சியில், எழுதும் சிறு குண்டைத் தட்டி எடுத்துவிட்ட அதன் பித்தளை முனை. அந்தத் துளையில் நூல் நுழையவில்லை. உடைந்த தையல் ஊசியை உப்புத்தாளில் தேய்த்து நாலு பட்டையாக்கி, துளைக்குள் விட்டு விரல்களுக்கிடையே உருட்டினேன். அழுத்தக் கூடாது, பித்தளை கிழிந்துவிடும். நூல் நுனியைப் பசையில் தொட்டு, விறைத்ததும் பிளேடால் சாய்வாக வெட்டி, மெழுகில் இழுத்துக் கீழிருந்து செலுத்தினேன். உச்சிக்கு ஒரு நெல் அளவு கீழே நின்றது. மூன்று நாள் முயன்றும் அங்கேதான் நின்றது. துளையோ இரண்டு நூல் போகும் அளவுக்கு அகன்றிருந்தது.

வியாழக்கிழமை மதியம், உள்ளே பித்தளைப் பொடி அடைத்திருக்கும் என்று நூலை உருவிவிட்டு உச்சியில் வாய் வைத்து ஊதினேன். கீழே பொடி விழவில்லை. வாயை எடுத்ததும் துளையிலிருந்து காற்று திரும்பி வந்து உதட்டில் பட்டது. அறுநூறு அடிக்குக் கீழே பாறை அரைபடும்போது மேலே வருமே, அந்த ஈரக் கல் வாடை.

இனி ஒரு வழிதான் மிச்சம். நூலைக் கீழே விட்டு, மேலே வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். வைக்கத் துணிவு வரவில்லை. நூலை மட்டும் கீழிருந்து குழாய்க்குள் விட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ள, அன்னிக்கு எனக்கு முட்டி வலிக்கவே இல்லடா" என்றேன்.

நூல் என் விரல்களுக்குள் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. உச்சியில் நுனி தெரிந்தது. பிறகு இரண்டு தரம் இழுத்தது.

மறுநாள் பொம்மை வண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாரதாமணி நூலைச் சுருட்டும் சின்னக் கைப்பிடியைச் சுற்றினாள். நூல் நுனியில் கட்டிய கொக்கி தடையில்லாமல் ஏறியது.

"அன்னிக்கு ஏற வேண்டியது நாந்தாம்மா. முட்டி வலின்னு பொய் சொன்னேன்."

அவள் கைப்பிடியை விடவில்லை. "தெரியுமுங்க. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு ஒரு வருசமாப் பாத்துட்டிருந்தனுங்க."

வண்டியைப் படத்துக்கு முன்னால் வைத்தாள். ஊதுபத்தி வாசத்தையும் மீறி ஈரக் கல் வாடை அடித்தது.

"நாலாயிரத்து முந்நூத்தம்பது தீந்துதுங்ணா" என்றாள். "அது மட்டுந்தாங்க."