பதினேழாவது கணினி

காலை ஒன்பது நாற்பதுக்கு, கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் கதிரவன் முப்பத்தொன்பது கணினிகளை வரிசையாக ஆன் செய்தான். ஆயுத பூஜை விடுமுறை. சிதம்பரத்தின் அந்தத் தனியார் கல்லூரியில் வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை. திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. அதற்குள் ஆய்வகம் முழுவதும் ஒரே மாதிரி ஆக வேண்டும். எல்லா மென்பொருளும் நிறுவிய ஒரு கணினியின் முழு நகலை அவன் தன் மடிக்கணினியில் வைத்திருந்தான். மற்றவை ஆன் ஆகும்போது தங்கள் ஹார்ட் டிஸ்க்கைப் பார்க்காமல் நெட்வொர்க் கேபிள் வழியாக அவனிடம் வரும். அவன் கொடுப்பதை வாங்கித் தங்கள் மேல் எழுதிக்கொள்ளும். பழையது மிஞ்சாது. அழிக்கட்டுமா என்று அவை கேட்காதபடி செய்திருந்தான். முப்பத்தொன்பது முறை பதில் சொல்லப் பொறுமையில்லை.

நாற்பதில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தான். பதினேழு என்று மானிட்டரில் ஒட்டியிருந்த மேசைக்கு அடியில் குனிந்து, அங்கிருந்த கணினிப் பெட்டியின் கேபிளைப் பிடுங்கிப் போட்டிருந்தான். ஆய்வக உதவியாளர் தமிழ்ச்செல்வி முந்தின நாள் போனில் சொல்லியிருந்தாள். "பதினேழ மட்டும் தொடாத தம்பி. நாளைக்கி பென் டிரைவ் எடுத்தாரேன்."

அதில் நான்கு நிமிட வீடியோ ஒன்று இருந்தது. அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த போன் எடுத்தது. அவள் புருஷன் இளவரசு அவள் தலைமுடியைப் பிடித்து முகத்தை அடுப்பு மேடையின் விளிம்பில் மோதுகிறான். நிறுத்தி, தண்ணீர் குடிக்கிறான். மறுபடி மோதுகிறான். தோசைத் திருப்பியை நெருப்பில் காட்டுகிறான். போனிலிருந்து பதினேழில் ஏற்றிக் கொடுத்தது கதிரவன்தான். முதல் நிமிடத்துக்கு மேல் அவன் பார்க்கவில்லை. இன்னொரு நகல் எடுத்து வைக்கிறேன் என்றபோது அவள் வேண்டாம் என்றாள். "வேற யார்ட்டயும் இருக்கக் கூடாது. பாத்தா மானம் போயிடும்." அன்று சாயங்காலம் இளவரசு போனைச் சுத்தியலால் உடைத்தான். பிறகு அவள் கையை. அவள் கடலூரில் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று வாரமாகிறது. வீடியோ கல்லூரிக் கணினி ஒன்றில் இருக்கிறது என்று வக்கீல் மனுவில் எழுதிவிட்டார்; மனுவின் நகல் இளவரசுக்கும் போயிருந்தது. திங்கட்கிழமை கடலூர் கோர்ட்டில் அதைக் கொடுக்க வேண்டும்.

பத்தரைக்கு வந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. பதினேழின் முன் உட்கார்ந்து ஒற்றைக் கையால் தேடினாள். அவன் முடிந்த கணினிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"இங்க இல்லியே தம்பி."

"நல்லா பாருக்கா. நான் தொடவே இல்ல."

"யாரோ பசங்களோட பாட்டுல்லாம் கெடக்கு. இது அந்தப் பொட்டியே இல்ல."

அவன் குனிந்து பார்த்தான். பெட்டியின் நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம். பக்கத்து மேசைக்கு அடியிலும் அப்படியே. நேற்று பூஜைக்கு நாற்பது பெட்டிகளையும் வெளியே எடுத்து, துடைத்து, பொட்டு வைத்துச் சூடம் காட்டியவன் அவன். சுண்டல் ஆறிவிடும் என்று அவசரமாகத் தூக்கி, கிடைத்த மேசைக்கு அடியில் தள்ளியவனும் அவன். எண் மானிட்டரில்தான் இருந்தது. பெட்டிகள் எல்லாம் ஒரே கறுப்பு.

மற்ற முப்பத்தொன்பது திரைகளும் எழுதி முடித்து நீலமாக நின்றன.

"அக்கா" என்றான்.

அவள் திரைகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு மாவுக்கட்டுக் கையாலேயே அவன் முகத்தில் அடித்தாள். அவளுக்குத்தான் அதிகம் வலித்திருக்கும். கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"தோண்டி எடுக்க முடியாதா?"

"மேலயே எழுதிடுச்சிக்கா."

கதவு திறந்தது. புருஷன் என்று சொன்னால் வாட்ச்மேன் சிங்காரம் வேறு எதுவும் கேட்பதில்லை. இளவரசு ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டே வந்தான்.

"என்னா மச்சான், எம் பொண்டாட்டி படத்த நீதான் ஓட்டிக்கினு கெடக்கிறியாம்?"

"அண்ணே, வெளில போய்ப் பேசிக்கலாண்ணே."

ஹெல்மெட் கதிரவனின் வாயில் இறங்கியது. மேசையில் விழுந்து கீபோர்டோடு சரிந்தான். நாக்கில் ஒரு பல் புரண்டது. எழுவதற்குள் விலாவில் உதை. இளவரசு அவளை முடியைப் பிடித்துத் தூக்கினான். வீடியோவில் பிடித்த அதே பிடி. ஒரு மானிட்டரில் அவள் முகத்தை மோதினான். கண்ணாடி விரிசல் விட்டது. அடுத்த மானிட்டருக்கு இழுத்தான்.

"எந்தப் பொட்டிடி? சொல்லு. எதுல வச்சிருக்க?"

மூன்றாவது மானிட்டரில் ரத்தம் நீலத்தின் மேல் வழிந்தது. கதிரவன் மேசைக்காலைப் பிடித்து எழுந்து நின்றான். அழிந்துவிட்டது என்று சொன்னால் இவன் நிறுத்துவான். ஸ்வீட் வாங்கிக்கொண்டுகூட வீட்டுக்குப் போவான். சொல்ல வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது.

தமிழ்ச்செல்வி அவனைப் பார்த்தாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது.

"ஒடச்சிக்க" என்றாள் புருஷனிடம். "நாப்பதயும் ஒடச்சிக்க. தம்பி நேத்தே வக்கீலுக்கு அனுப்பிட்டான்."

இளவரசின் கை தளர்ந்தது. அவள் நாற்காலியோடு சரிந்தாள். அவன் குனிந்து, கீழே போட்டிருந்த ஹெல்மெட்டை எடுத்தான், அதிலிருந்த ரத்தத்தைப் பேண்டில் துடைத்தான். மேசைகளுக்கு நடுவே நிதானமாக நடந்து கதிரவனிடம் வந்தான். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கை தூரம்தான் இருந்தது.

"அனுப்புனியாடா?"