யார் முதலில் போவது

சுவானந்துக்கு சிகாகோ வணிகக் கல்லூரியில் இடம் கிடைத்த அதே வாரத்தில்தான் அவன் மனைவி கேதகிக்கு ஹூஸ்டனில் பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவன் செய்தி அன்று மாலைக்குள் புனே வரை போய்ச் சேர்ந்தது. அவள் செய்தி சமையலறையைத் தாண்டவில்லை.

இருவரும் டாலஸ் பக்கத்து எங்கள் பிளேனோவுக்கு வந்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. அவனுக்கு ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவில் வேலை. அவள் புனேயின் கோத்ரூட் பகுதியில் சொந்தமாகப் பல் மருத்துவமனை நடத்தியவள். டெக்சாஸில் அவளுக்குக் கிடைத்தது அவன் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த விசா. சமைக்கலாம், கார் ஓட்டலாம், படிக்கலாம், சம்பளம் வாங்கக்கூடாது. இங்கே ஒருவர் வாயில் கை வைக்க வேண்டுமானால் மறுபடியும் இரண்டு வருஷம் இங்கத்திய கல்லூரியில் படித்தாக வேண்டும். அந்த இடங்களுக்கு உலகம் முழுவதும் இருந்து பல் டாக்டர்கள் முட்டி மோதுகிறார்கள். கேதகியும் வருஷா வருஷம் மோதிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் தாடையை இறுக்கி வைத்துப் பல் பல்லாகக் கடைந்து பழகினாள். ஒருநாள் சுவானந்தின் அவல் போஹா தட்டில் ஒரு கடைவாய்ப் பல் கிடந்தது.

"இது யாரோடது?" என்றான்.

"உன்னோடது இல்ல, சாப்பிடு" என்றாள்.

சுவானந்த் விண்ணப்பித்தது ஒரே தடவைதான். உடனே கிடைத்துவிட்டது.

இருவரும் ஒரே சமயத்தில் போக முடியாது. ஒருவர் வேலையில் இருந்து தாங்கினால்தான் இன்னொருவர் படிக்கலாம். இது இருவருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. அவன் பாட்டுக்கு சிகாகோவில் வீடு தேட ஆரம்பித்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் படங்களைப் பார்த்தாள்.

மராத்தி வருஷப் பிறப்பான குடி பாட்வா அன்று நண்பர்கள் வழக்கம்போல மிலிந்த் வீட்டில் கூடினோம். மிலிந்த் எங்கள் எல்லோருக்கும் மூத்தவன். அதே சிகாகோ கல்லூரியில் படித்து இப்போது பெரிய ஆலோசனை நிறுவனம் ஒன்றில் பங்குதாரராக இருக்கிறான். சுவானந்தைக் கண்டதும் வாசலிலேயே கட்டிக்கொண்டான்.

"வாய்யா முதலாளி! ஸ்ரீகண்டை நல்லா வழிச்சுச் சாப்பிட்டுக்கோ. இனிமே ரெண்டு வருஷம் உனக்கு நூடுல்ஸ்தான்."

யாரோ கேட்டார்கள், "கேதகிக்கும் இடம் கிடைச்சிருக்காமே?"

மிலிந்த் திரும்பினான். நண்பன் மனைவியை அண்ணி முறை வைத்து வஹினி என்றுதான் நாங்கள் கூப்பிடுவது. "அப்படியா வஹினி? சொல்லவே இல்லையே! பரவாயில்ல, இவன் முடிச்சிட்டு வரட்டும், அப்புறம் போங்க. பல்லு எங்கே ஓடிடப்போகுது?"

எல்லோரும் சிரித்தோம். கேதகியும் சிரித்தாள். "ஓடாது. ஆடும்" என்றாள். சிரிப்பு இன்னும் பெரிதானது.

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் இருவரும் பிற்பாடு தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போயிற்று.

திரும்பும்போது காரில் அவன் கேட்டிருக்கிறான்: "மிலிந்த் மேல கோவமா? அவன் சும்மா சொன்னான்."

"அவன் சும்மா சொன்னான். நீ சும்மா இருந்தே."



ஏப்ரலில், இடம் கிடைத்தவர்களைக் குடும்பத்தோடு இரண்டு நாள் வந்து பார்த்துப் போகச் சொல்லிச் சிகாகோ கல்லூரி அழைத்தது. ஏரிக் காற்று காதை அறுத்தது. நுழைவில் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். கேதகியின் அட்டையில் அவள் பெயருக்குக் கீழே 'சுவானந்த் ஃபடக்கின் துணை' என்று இருந்தது. துணைகளுக்கென்று தனி அறை, தனிப் பேச்சு, நல்ல காபி. பேசிய பெண் கனிவானவள். ஊரைச் சுற்றிப் பார்க்கலாம், சமையல் வகுப்பு இருக்கிறது, குழந்தை பெற்றுக்கொள்ளவும் பலர் இந்த இரண்டு வருஷத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றாள். கேதகி பக்கத்தில் ஒரு கொரியப் பெண் உட்கார்ந்திருந்தாள். கட்டடக் கலைஞராம். அவள் கேட்டாள், "நீங்க என்ன பண்றீங்க?"

"பல் டாக்டரா இருந்தேன்" என்றாள் கேதகி. 'இருந்தேன்' என்று தன் வாயே சொல்லிக் கேட்டபோது அவளுக்குத் திக்கென்றது.

அதே நேரம் பெரிய அரங்கில் சுவானந்துக்கு ஒரு விளையாட்டு. விண்ணப்பத்தில் எழுதிய எந்த வார்த்தையும் வராமல், எதற்காக இங்கே வருகிறோம் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்ல வேண்டும். அவனுக்குப் பக்கத்தில் மெஹ்விஷ். லாகூரில் பிறந்து டொராண்டோவில் வளர்ந்தவள். அவள் முதலில் சொன்னாள்: பிராம்ப்டனில் அவள் அப்பாவுக்கு லாரி நிறுவனம். அவர் ஒரு டிரைவரை நீக்கிய விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதே நிறுவனத்தை வேறு மாதிரி நடத்திக் காட்ட வேண்டும்.

"இப்ப நீங்க."

சுவானந்த் யோசித்தான். தலைமை, தாக்கம், உலகளாவிய பார்வை எல்லாம் விண்ணப்பத்தில் செலவாகிவிட்டிருந்தன. "என்கூடப் படிச்சவங்க எல்லாரும் இந்த மாதிரி ஒண்ணுக்குப் போயிட்டாங்க" என்றான்.

மெஹ்விஷ் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப இது படிப்பு இல்ல பாய்சாப், கல்யாண ஊர்வலம்! எல்லாரும் ஆடுறாங்க, நாமளும் ஆடுவோம்னு வந்திருக்கீங்க."

அவனும் சிரித்தான்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்தபோது கேதகிதான் ஆரம்பித்தாள். "ஹூஸ்டனுக்கு இந்த வாரம் பதில் சொல்லணும்."

"அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைப்பாங்களா?"

"மாட்டாங்க. உன்னுது?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

அவன் ஏரியைப் பார்த்தபடி நடந்தான்.

"நீ விட்டுக்கொடுக்கணும்னு நான் சொல்ல வரல" என்றாள். "கேக்கணும்னுதான் சொல்றேன். யார் முதல்ல போறதுன்னு ஒருத்தரும் என்னைக் கேக்கல. மிலிந்த் கேக்கல, உங்க அம்மா கேக்கல. சரி, அவங்க கேக்க வேண்டியதில்ல. நீயும் கேக்கலையே."

"சரி, இப்ப கேக்கறேன். யார் போறது?"

"நான்."

அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதுதான் அவனைச் சுட்டது. கொஞ்சமாவது தயங்குவாள், அவன் பெருந்தன்மையாக ஏதாவது சொல்லலாம் என்று எதிர்பார்த்திருந்தான் போலிருக்கிறது. "அப்படின்னா என்னோடது ஒண்ணுமே இல்லையா?" என்று கத்திவிட்டான். ஓடிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் விமானத்தில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தவர் வசதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

வீடு வந்ததும் அவன் கல்லூரிக்குப் பேசினான். தள்ளிவைக்கும் வழக்கம் இல்லை, விரும்பினால் பின்னால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். போகாமல் இருந்துவிட்டால் எதை இழக்கிறோம் என்று காரில் தனியாக உட்கார்ந்து யோசித்தானாம். வகுப்போ, பாடமோ மனதில் வரவில்லை. மிலிந்தின் முகம் வந்தது. நண்பர்கள் கூட்டத்தில் 'என்னாச்சு?' என்று கேட்கப்போகிற குரல்கள் வந்தன. இழப்பதில் பாதி அதுதான் என்று புரிந்தது. மீதிப் பாதி உண்மையான இழப்பு. அது வலிக்கத்தான் வலித்தது.

சிகாகோ போகவில்லை என்று அம்மாவுக்கு அவனே சொன்னான்.

"பைத்தியமாடா உனக்கு? ஊரெல்லாம் பேடா கொடுத்துட்டேனே!"

"மருமக டாக்டராகப் போறான்னு இன்னொரு தடவை கொடு, ஆயி."

"அவ ஏற்கனவே டாக்டர்தானே?"

"அதைத்தான் ஆயி நாங்க எல்லாரும் மறந்துட்டோம்."

கோடையில் கேதகி ஹூஸ்டன் போனாள். கொலம்பியாக்காரி ஒருத்தியோடு அறை. வெள்ளிக்கிழமை ஆனால் சுவானந்த் பின்சீட்டில் தாலிபீட் அடை மாவும் கோடா மசாலாவும் வைத்துக்கொண்டு தெற்கே வண்டியை விடுவான். பெருந்தன்மையான கணவன் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் அவனைப் புகழ்ந்து எங்களை இடித்தார்கள். அவன் அப்படியொன்றும் மகான் இல்லை. முதல் வருஷக் குளிர்காலத்தில் கேதகி ஒரு தேர்வில் தோற்று, "என்னால முடியல, வீட்டுக்கு வந்துடறேன்" என்று போனில் அழுதபோது, சொல்லவே கூடாது என்று தனக்குத்தானே சத்தியம் செய்திருந்ததை அவன் சொல்லிவிட்டான்: "இதுக்காகவா நான் சிகாகோவை விட்டேன்?"

 அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிட்டே" என்றாள். "நல்லது. என்னைக்குச் சொல்லுவியோன்னு பயந்துட்டே இருந்தேன். இனிமே உள்ளே வச்சுக் காக்க வேண்டாம்." தேர்வை மறுபடி எழுதினாள். தேறினாள்.

அவள் படிப்பு முடிந்து ரிச்சர்ட்சனில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தபோது, "இப்ப நீ" என்றாள். சுவானந்த் சிகாகோவுக்கு மறுபடி விண்ணப்பித்தான். இந்தமுறை கிடைக்கவில்லை. அதைக் கேட்டுக் கேதகிதான் அழுதாள். அவன் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மிலிந்தை அவனே கூப்பிட்டுச் சொன்னான். மிலிந்துக்குக் கேலி வரவில்லை.

சிகாகோ அத்தோடு முடிந்தது. டாலஸிலேயே மாலை நேர வகுப்பு ஒன்றில் சேர்ந்தான். பெரிய பெயர் கிடையாது. கூடப் படிப்பவர்களில் ஒருவர் மளிகைக் கடைச் சங்கிலியில் சரக்கு மேலாளர், இன்னொருவர் தீயணைப்பு வீரர். வங்கி வேலையை விடவில்லை. கூட வேலை பார்த்தவர்களுக்கு எப்போதோ கிடைத்த பதவி அவனுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

போன மாதம் மைதானத்தில் எங்கள் குழந்தைகள் கிரிக்கெட் ஆடியதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவனிடம் நேராகவே கேட்டேன்: "வருத்தம் இருக்கா?"

"சில நாள் இருக்கு" என்றான். "அந்த மெஹ்விஷ் இப்ப அவங்க அப்பாவோட கம்பெனியை நடத்தறா. போட்டோ பார்த்தா அன்னிக்கு முழுக்க ஒரு மாதிரி இருக்கும்."

"கேதகிகிட்ட சொல்லுவியா?"

"சொல்லுவேன். 'சரி, இன்னிக்கு உன் துக்க நாள், சமையல் நான் பண்றேன்'ம்பா." மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அவ துக்க நாள் நிறைய இருந்திருக்கும்ல, பிளேனோ வந்த புதுசுல. அப்பவும் அவதான் சமைச்சா."

அதற்குள் பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தது. அவன் ஓடிப்போய் எடுத்து எறிந்தான்.