மச்சினன் கைவைத்த லாக்

கணினியில் லாக் எனப்படும் மடக்கைக் கணக்கைத் தன் மச்சினன் நாற்பது சதவீதம் வேகமாக்கிவிட்டான் என்று கேட்டதும் செக்போஸ்டுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. செக்போஸ்ட் என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். மற்ற நிரல்கள் கணக்குப் போடக் கூப்பிடும் நிரல்தொகுப்பான கணித நூலகத்துக்குள் எந்த எண் வந்தாலும் நான்கு இடத்தில் நிறுத்தி விசாரிக்கும்படிதான் அவர் நிரல் எழுதுவார். மைனஸா? பூஜ்யமா? முடிவிலியா? எண்ணே அல்லாத குப்பையா? நான்கும் இல்லை என்றால்தான் கணக்கே தொடங்கும். பதினொரு வருடமாக அந்த நூலகம் அவர் பொறுப்பில் இருந்தது.

மச்சினன் அங்கே சேர்ந்து எட்டு மாதம். நான்கு விசாரணையையும் தூக்கிவிட்டு வாசலில் ஒரே ஒரு ஒப்பீடு வைத்திருந்தான். சாதாரண எண்கள் நேரே உள்ளே போய்விடும். கோளாறு பிடித்தவை மட்டும் ஓரமாக ஒதுக்கப்பட்டு, அங்கே விசாரிக்கப்படும். மேலாளருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "இது சரியா இருந்தா இனிமே நூலகத்தை அவரே பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

"என் தம்பி தண்ணி குடிச்சாலும் அதுல ஒரு உள்நோக்கம் கண்டுபிடிப்பீங்களே" என்றாள் அன்று ராத்திரி வீட்டில் மனைவி.

"சும்மா வருமா நாப்பது சதவீதம்? எங்கயோ கையை வெச்சிருக்கான்."

மறுநாள் அலுவலகம் போனதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, தன் பழைய லாக்கையும் அவனுடைய புதிய லாக்கையும் ஒன்றாக ஓடவிட்டார். முப்பத்திரண்டு பிட்டில் அடங்கும் எண்கள் ஏறக்குறைய நானூற்று முப்பது கோடி. ஒன்றுவிடாமல் ஒப்பிடச் சொன்னார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மச்சினன் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது இவனுக்கு?

அரைமணி நேரத்தில் முடிவு வந்தது. விடை வேறுபடும் இடம்: ஒன்று.

"மாட்டினான்!" என்று வாய்விட்டே சொன்னார். எந்த எண் என்று பார்க்கக்கூட நிற்காமல் மேலாளரையும் மச்சினனையும் கூப்பிட்டுவிட்டார்.

மேலாளர் குனிந்து பார்த்தார். மைனஸ் பூஜ்யம். கணினியில் பூஜ்யத்துக்கும் மைனஸ் குறி ஒட்டிக்கொள்ளும்; ஒட்டினாலும் அது பூஜ்யம்தான். லாக் போட்டால் மைனஸ் முடிவிலி வரவேண்டும். மச்சினனுடைய நிரலில் அதுதான் வந்திருந்தது. செக்போஸ்டின் நிரலோ குறியைப் பார்த்த மாத்திரத்தில் மைனஸ் எண் என்று முடிவுகட்டி, செல்லாது என்று விரட்டியிருந்தது.

"பதினோரு வருஷமாவா?" என்றார் மேலாளர். "அறிக்கையை நீங்களே எழுதிடுங்க." தன் அறைக்குப் போய்விட்டார்.

அவமானத்தில் செக்போஸ்டுக்குக் காது எரிந்தது. அப்போதும் சந்தேகம் விடவில்லை.

"உனக்கு இது முன்னாடியே தெரியும், இல்ல?"

"மொத வாரமே தெரியும் மாமா."

"அப்ப என்னை மாட்டிவிடத்தான் காத்துட்டிருந்தே."

"மாட்டிவிடணும்னா அன்னிக்கே மேலாளர்கிட்ட போயிருப்பேனே." மச்சினன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "உங்ககிட்ட வந்து சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

தம்பி மாதிரி நினைத்திருக்க வேண்டியவனை எட்டு மாதமாகத் திருடனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தது செக்போஸ்டுக்கு அப்போதுதான் வலித்தது.

"இல்ல" என்றார்.

அறிக்கையைத் திறந்தார். பிழை யாருடையது என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். நூலகப் பொறுப்பாளர் என்ற இடத்தில் மச்சினன் பெயரை எழுதிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவனையே பார்க்கச் சொன்னார்.