காந்தம் ஒட்டாத சட்டம்

வேதநாயகம் சாரின் கார் கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது. அப்போதுதான், மாடு மோதி முகம் கழன்ற நிலையில், அதே மாடல் வண்டி இன்னொன்று ஷேக் பரீதின் திருவாரூர் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. பரீது, பள்ளத்தை மறைக்கப் பட்டி பூசிய இடத்தைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் காந்தத்தை, ரேடியேட்டரைத் தாங்கும் கறுப்புச் சட்டத்தில் வைத்தார். விழுந்தது. பானெட் பூட்டு மாட்டியிருக்கும் இடத்தில் வைத்தார். அங்கேயும் விழுந்தது.

முப்பது வருஷமாக அவருக்கு பிளாஸ்டிக் என்றால் மேல்சட்டை. உள்ளே இரும்புதான் எலும்பு. அந்த நம்பிக்கையில்தான், சாரின் வண்டியில் இதே சட்டத்தின் விரிசலை, பம்பரை ஒட்டுவதுபோல் சூடான கம்பி பதித்து ஒட்டி அனுப்பியிருந்தார். பின்னால் இரும்பே இல்லை. எடையைக் குறைக்க எலும்பையே பிளாஸ்டிக்கில் வார்த்துவிட்டார்கள். ஒட்டு விட்டால் பூட்டு பிய்ந்து, பானெட் எழும்பிக் கண்ணாடியை மூடிவிடும். அந்த வண்டிக்குள் சாரும், மனைவி அமலியும், கைக்குழந்தைப் பேத்தியும். வேதாரண்யம் வரை போகிறார்கள்.

போன் போட்டார். ஓட்டும்போது சார் எடுக்கமாட்டார்.

"யா அல்லாஹ், அந்தப் புள்ளையக் காப்பாத்து."

சார் போகும் வழியில், ஆலத்தம்பாடியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ராஜராஜனைக் கூப்பிட்டார்.

"வேதநாயகம் சாரோட வெள்ளைக் காருப்பா. எப்படியாவது நிறுத்து!"

"ரோட்டுல பாதி வெள்ளைக் காருதான் பாய்."

"எல்லாத்தையும் நிறுத்து. உசுரு போற விஷயம்."

ராஜராஜன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. போனை அணைக்காமல் பையில் போட்டுக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடினான். பரீதுக்கு எல்லாம் கேட்டது. பிரேக் சத்தம். "சாவ என் வண்டிதான் கெடைச்சுதா?" என்று ஒருவர். அதைவிட மோசமாக இன்னொருவர். அவன் ஒவ்வொருவரிடமும், "வேதநாயகம் சாரா?" என்று கேட்டு, இல்லையென்றதும், "கோவிச்சுக்காதீங்க, போங்கண்ணே," என்றான். பரீதின் கைக்குள் காந்தம் வியர்வையில் வழுக்கியது.

கடைசியில் சாரின் குரல் வந்தது. "என்ன பாய்?"

"பானெட்டை மெதுவாத் தொறந்து பாருங்க சார்."

சற்று நேரம் கழித்து, "பூட்டு கையோட வருது," என்றார்.

"என் தப்புதான் சார். உள்ள இரும்பு இருக்குன்னு நெனச்சுட்டேன். வண்டிய எடுக்காதீங்க. புதுச் சட்டத்த நானே கொண்டாந்து மாட்டித் தரேன்."

குழந்தை அழுவது கேட்டது.

"மறைக்காம சொன்னீங்களே," என்றார் சார். "பாய், வேற யார் வண்டிக்காவது இப்படி ஒட்டிக் குடுத்தீங்களா?"

போன வாரம் ஒட்டிக் கொடுத்த நாகூர் டாக்ஸி ஒன்று பரீதின் நினைவுக்கு வந்தது. தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி.

பிஸ்மில்லாஹ் சொல்லி, அந்த டாக்ஸிக்காரரின் எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது.