ஜாய்ஸ் டீச்சரின் பழைய கண்

1
இந்தக் கதை எனக்கு விளாங்குடி மொட்டைமாடியில் கிடைத்தது. போன வாரம் துணி எடுக்கப் போனேன். பக்கத்து மாடியில் ஜாய்ஸ் டீச்சர், ரிட்டயரான இயற்பியல் ஆசிரியை, மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதல் வரி வந்துவிட்டது: ‘முதுமையில் தன்னையே வாரி வழங்கும் நட்சத்திரம்...’

(அந்த வரியை அடித்துவிட்டேன். வாசித்ததும் டீச்சர் சிரித்துவிட்டார். “எங்க வழங்குது, தம்பி? வயசானா ஊதிப்போயி, விம்மி விம்மி வாயுவ வெளிய தள்ளும். அது ஆறித் தூசியாகும். நட்சத்திரத்தோட வெளிச்சமே தூசிய நெட்டித் தள்ளும், தூசி வாயுவையும் சேத்து இழுத்துட்டுப் போகும். கடசில சுத்திக் கெடக்குற தூசி நட்சத்திரத்தையே மறச்சிரும்.” இதைவிட நன்றாக எழுத எனக்கு வராது.)

2
யாரும் கண்டுகொள்ளாத ஒரு கிழட்டுச் சிவப்பு நட்சத்திரம். அதன் பிரகாசத்தைப் பக்கத்து நீல நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இருபது வருடமாக டீச்சர் பதிவு செய்து வானியல் சங்கத்துக்கு அனுப்புகிறார். சம்பளம் கிடையாது, பாராட்டு கிடையாது. எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

போன மாதம் வலது கண்ணில் புரை ஆபரேஷன். புதுக்கண்ணால் பார்த்தால் நட்சத்திரம் மங்கியிருக்கிறது. தூசி கிளம்பிவிட்டது!

[இங்கே கதை துள்ள வேண்டும். துள்ளவில்லை.]

புரை விழுந்த கண் நீலத்தை மங்கலாக்கும். புரை போனதும் நீலம் பளிச்சென்று தெரிய, சிவப்பு சோர்ந்ததாகத் தோன்றும். மங்கியது நட்சத்திரமா, மாறியது கண்ணா? இன்னும் புரையோடு இருக்கும் பழைய இடது கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடும்: அதற்கும் மங்கித் தெரிந்தால் மங்கியது நட்சத்திரம்தான். அன்று சந்தோஷத்தில் மறந்துவிட்டார். மறுநாளிலிருந்து ஐப்பசி மேகம். நாளை காலை அந்தக் கண்ணுக்கும் ஆபரேஷன்.

3
இன்று சாயங்காலம் அவர் கணவர் ஜூடு மேலே வந்தார்.

“அம்புட்டு மேகத்துல என்னத்தப் பாக்கப் போற? கீழ வா.”

“நாளைக்கு வேணாம்னு டாக்டர்ட்ட சொல்லுவமாங்க?”

“ரெண்டு கண்ணும் ஒத்துப்போகாம நேத்து படியில உருண்டது மறந்துருச்சா?”

டீச்சர் மறுபடி மேகத்தை அண்ணாந்து பார்த்தார்.

4
மனசு கேட்கவில்லை. மேகம் விலகுகிறது, பழைய கண்ணுக்கும் நட்சத்திரம் மங்கித் தெரிகிறது, டீச்சர் அழுகிறார் என்று எழுதி அவரிடமே வாசித்தேன்.

“மேகம் வெலகிருச்சா, தம்பி?”

“கதையில டீச்சர்.”

“அடிச்சிருங்க. ஆசப்பட்டதப் பாத்ததா எழுதுறது எங்க வேலையில பெரும்பாவம்.” குரல் உடைந்துவிட்டது. “எனக்கு மட்டும் அப்பிடி எழுத ஆசயில்லையா?”

அடித்துவிட்டேன். ஜூடு அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். மேகம் அப்படியேதான் இருக்கிறது. முடிவை இனி நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் முதலில் மாடிக்குப் போய் வானத்தைப் பாருங்கள்.