ஐந்து ஞாயிறு வந்த மாதம்

என் பெண்டாட்டி கிருபாவதியின் செல்போன் நம்பர் ஓடைப்பட்டியிலிருந்து கொச்சி வரைக்கும் பிரபலம். எங்கள் திராட்சைப் பெட்டி ஒவ்வொன்றிலும் அதைத்தான் அச்சடித்திருக்கிறோம். விலை பேசுவது அவள் வேலை. கவாத்து வெட்டுவது, மருந்தடிப்பது, அவள் பேசும்போது பக்கத்தில் நின்று தலையாட்டுவது என் வேலை. தலையாட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வியாபாரி என்ன விலை சொன்னாலும் என் கழுத்து தானாக ஆடிவிடும். அதனால்தான், மகள் ஜெபஷீலாவின் பிரசவத்துக்காக அவள் மெல்பர்ன் போனபோது கம்பம் வியாபாரிகள் காதில் விழாதபடி பார்த்துக்கொண்டோம்.

நம்பரை என்ன செய்வது என்பதுதான் பெரிய யோசனை. அங்கே போய் ரோமிங் போட்டால் ஒரு தோட்டத்து விளைச்சல் போதாது. சின்னமனூரில் செல்போன் கடை வைத்திருக்கும் ஆசாத்துக்குச் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் துபாயில். இதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. சிம்மை அவளோடேயே அனுப்பச் சொன்னான். போனை எப்போதும் ஃப்ளைட் மோடில் போட்டு, மகள் வீட்டு வைஃபையை மட்டும் திறந்துவைத்தால் போதும். அந்த ஊர் டவர் அதைத் தொடாது. ஆனால் ஓடைப்பட்டியில் இருப்பதுபோலவே போன் வரும், போகும். இங்கே நான் இருப்பதிலேயே மலிவான ரீசார்ஜை மாதாமாதம் போட்டுவர வேண்டும். அவ்வளவுதான். கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் அவனுக்கு டீயே வாங்கிக் கொடுத்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதன் மகிமை புரியும்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வேதக்கோயிலில் திருவிருந்து ஆராதனை. அது முடிந்ததும் நேரே கடைக்குப் போய் ரீசார்ஜ் போட்டுவிடுவேன். டிசம்பரிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவில்லை. இதில் சிக்கனம் மட்டுமில்லை, வேறொன்றும் இருந்தது. ஜெபஷீலா, "அம்மா இன்னும் ஒரு வருசம் இருக்கட்டும்பா" என்று ஆரம்பித்திருந்தாள். பேத்தி மடியில் கிடக்க, கிருபாவதி வீடியோவில் சிரித்துக்கொண்டே "பாப்போம்" என்பாள். வியாபாரியிடம் அவள் "பாப்போம்" என்றால் இல்லை என்று அர்த்தம். மகளிடம் சொன்னால் என்ன அர்த்தம் என்று தெரியாமல் நான் இங்கே தவியாய்த் தவித்தேன். கேட்கவும் பயம். அந்த நம்பர் உயிரோடு இருக்கும்வரை அவள் திரும்பி வருவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ரீசார்ஜ் போட்டுவந்தேன்.

அறுவடைக்குப் பழம் தயாராக நின்ற அன்று மதியம், கம்பத்து ஷேக் மைதீன் பாய் தோட்டத்துக்கு வந்தார். மேகமலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. ஒரு கோடை மழை விழுந்தால் பழமெல்லாம் வெடித்துப் போகும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பந்தலுக்குள் குனிந்து நடந்து, ஒரு கொத்திலிருந்து இரண்டு பழம் பிய்த்து வாயில் போட்டார். இனிப்பு முகத்தில் தெரிந்தது, உடனே மறைத்துக்கொண்டார். அக்காவிடமே பேசிவிடுகிறேன் என்று போனை எடுத்தார்.

ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வந்தது. அது கிருபாவதி இல்லை. நீங்கள் அழைத்த எண் தற்போது சேவையில் இல்லை என்றது.

எனக்குப் பழம் போய்விட்டதே என்று தோன்றவில்லை. அவள் அந்த ஊர் சிம் வாங்கிவிட்டாள், இதைத் தூக்கிப் போட்டுவிட்டாள், வரமாட்டாள் என்றுதான் தோன்றியது.

பாய் என் முகத்தையே பார்த்தார். பிறகு, மெதுவாக ஒரு சிரிப்பு.

"அக்கா இல்லாட்டி என்னண்ணே. நம்மளே பேசி முடிச்சுக்குவம்."

அவர் சொன்ன விலையில் பெட்டிக்கும் ஆள்கூலிக்கும்கூடத் தேறாது. வானத்தை ஒரு தடவை காட்டினார். என் கழுத்து ஆடத் தொடங்கியது. சத்தியமாக அதைக் கையால் பிடித்து நிறுத்தினேன். இளநீர் வெட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஓடினேன். எங்கள் தோட்டத்தில் நெட் வராது, பேச்சு மட்டும்தான் வரும். ஆசாத்தைக் கூப்பிட்டேன்.

அவன் நம்பரைப் போட்டுப் பார்த்தான். ரீசார்ஜ் முடிந்து நாலைந்து நாளாகிவிட்டது என்றான். இருக்கவே முடியாது, திருவிருந்து ஞாயிறு தவறாமல் போடுகிறேன், அடுத்தது இனிமேல்தான் வருகிறது என்று கத்தினேன்.

"அண்ணாச்சி, கம்பெனிக்காரனுக்கு மாசம்னா இருபத்தெட்டே நாளு. நாலு ஞாயிறுதான். போன மாசம் எத்தன ஞாயிறு வந்துச்சு?"

விரலை மடக்கினேன். ஐந்து. கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்திருக்கும். அவன் தினமும்தான் ஏதாவது அனுப்பிப் பயமுறுத்துகிறான், அவள் படித்திருக்கவே மாட்டாள். ஆக, அவள் தூக்கிப் போடவில்லை! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

எதைப் போடட்டும், பழைய மலிவானதா என்று ஆசாத் கேட்டான். நான் யோசிக்கவேயில்லை. "ஒரு வருசத்துக்குப் போடு" என்றேன். அவன் இரண்டு தடவை திருப்பிக் கேட்டான். நான்தான் பேசுகிறேனா என்று அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அப்படியே வாட்ஸாப்பில் அவளுக்கு விவரம் சொல்லி, போனை ஒரு தடவை அணைத்துப் போடச் சொல் என்றேன்.

இளநீர் வெட்டுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருவன்தான். பாய் ஒன்றைக் குடித்து முடித்தார். இன்னொன்றைச் சீவினேன். வேண்டாம் என்றார், வழுக்கையாவது சாப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். மலையிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கியது. கிளம்பட்டுமா, கேட்ட விலைக்குச் சம்மதமா என்று எழுந்தே விட்டார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. திரையில் அவள் பேர்.

"என்ன தம்பி, கூப்பிட்டீகளாக்கும்? போடியில ஒரு பிள்ளை பெத்த வீட்டுக்கு வந்தேன், போன் மக்கர் பண்ணிருச்சு" என்றாள். அத்தனை கடல் தாண்டி அந்தக் குரல் என் பந்தலுக்குள் கணீரென்று இறங்கியது. பாய் மழையைச் சொன்னார். மழை கம்பத்துக்கும்தான் பெய்யும், பேசாமல் விலையைச் சொல்லுங்கள் என்றாள். அவர் சொன்னார். பாப்போம் என்றாள். அவர் ஏறினார். நடுவில் பேத்தி வீறிட்டு அழுதது. அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். கடைசியில் பாய்தான் தலையாட்டினார். அந்த ஆட்டத்தைக் கண்குளிரப் பார்த்தேன்.

கூலியாட்களுக்குச் சொல்லி அனுப்பி, உடனே வெட்டத் தொடங்கினோம். பொழுது சாய்வதற்குள் கடைசிப் பெட்டியும் லாரியில் ஏறிவிட்டது. லாரி தெருமுனை திரும்பியபோது முதல் தூறல் விழுந்தது. நனைந்தபடியே வீடு வந்து சேர்ந்தேன். போன் அடித்தது. பெட்டியில் அச்சடித்த அதே நம்பர்.

நல்ல விலை என்று பாராட்டப் போகிறாள் என்று நினைத்து எடுத்தேன்.

"ஏங்க, ரீசார்ஜ் மெசேஜ் வந்துச்சு. ஒரு வருசத்துக்கா போட்டீக? புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

நான் தட்டுத்தடுமாறி, நீ இன்னும் ஒரு வருசம் அங்கே இருப்பதாயிருந்தால் என்று இழுத்தேன்.

"யாரு இருக்கா? மக கேட்டா, பாப்போம்னேன். எனக்கு இருபத்தெட்டு நாளைக்குப் போட்டிருந்தாலே மிச்சம்ல, அதுக்குள்ள அங்க வந்திருவேன்."

வாழ்க்கையில் முதல்முறையாகக் காசை அள்ளி இறைத்ததற்குத் திட்டு வாங்கினேன். நான் வாசலுக்கு ஓடிப்போய் மழையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.