பவுன் இறங்கிய மலை

"எரிமலைன்னு சொல்லிக் கூட்டிகினு வந்தியே, புகை எங்கடா?" என்றாள் பவுன்.

"ஆறரைக் கோடி வருஷம் ஆச்சும்மா. ஆறிடுச்சு," என்றான் முகமது ரஃபீக். அவள் மகன் அருண்ராஜின் சிநேகிதன். கல்லூரியில் கல்லையும் மண்ணையும் பற்றிப் பாடம் எடுப்பவன். "இது கோபுரம் மாதிரி நின்னு கக்கின எரிமலை இல்ல. பூமி வெடிச்சு, உள்ள இருந்து பால் பொங்குற மாதிரி பொங்கிப் பரவுச்சு. ஆறுச்சு. மறுபடி பொங்குச்சு. ஒரு தடவை பொங்கினா ஒரு படி. இந்த சிங்ஹகட் கோட்டை மலை முழுக்க அப்படித்தான். அங்க பாருங்க, படிப்படியாத் தெரியுதா?"

"நீ சொன்னா சரி. நான் எதுக்குப் பாக்கணும்?"

அவள் தன் கால் கட்டைவிரலைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஏறிக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்து நாலு, செப்டம்பர். மழை விட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை. விஷ்ராந்த்வாடியில் எழும்பிக்கொண்டிருக்கிற கட்டடத்தில் ஏழாவது மாடி வீடு ஒன்றை அருண்ராஜ் பார்த்து வைத்திருந்தான். எல்லோரும் சேர்ந்திருக்க ஒரே வீடு. அம்மா சரி என்றால் வாங்குவது, இல்லையென்றால் விடுவது. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். மூன்று வாரமாகப் பவுன், "பாக்கலாம், பாக்கலாம்" என்றே சொல்லி வந்தாள்.

உயரத்தில் நின்று கீழே பார்த்தால் அவளுக்கு இரண்டு காலும் தண்ணீராகிவிடும். குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி, மராத்திச் சீமையின் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்புக்கு வந்து முப்பத்திரண்டு வருஷமாகிறது. இந்தப் பயத்தை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. எப்படியோ வாய்த்த வீடெல்லாம் தரைத்தளமாகவே வாய்த்தது. நேற்றுத்தான் மனசுக்குள் ஒரு பந்தயம் கட்டினாள்: இந்த மலையை ஏறிவிட்டால் ஏழாவது மாடிக்குச் சரி சொல்லிவிடுவது.

"அத்தை, கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாங்களா?" மருமகள் கிருஷ்ணப்ரியாவுக்குக் கோயம்புத்தூர், மூச்சு வாங்கும்போதும் மரியாதை குறையாது.

"நீ உக்காரு கண்ணு. நான் உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்."

"ஏய் பவுனு! போலீஸு தொரத்துதா? மெல்லப் போ," என்று கீழேயிருந்து கத்தினார் அவள் கணவர் சுந்தரமூர்த்தி.

"பேசாம ஏறுங்க. ரிட்டயர் ஆகி மூணு வருஷத்துல ஒடம்ப வண்டி மாதிரி வளத்து வெச்சிகினு!"

மேலே கோட்டை வாசலைத் தாண்டியதும் ஒரு கிழவி மோர்ப் பானையோடு உட்கார்ந்திருந்தாள். பவுன் இரண்டு தம்ளர் குடித்தாள். மலையின் நடுவில், விளிம்பு கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, கடலைமாவுப் பிட்லாவும் சோள ரொட்டியான பாக்ரியும் வெங்காய பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். பாதி பஜ்ஜியில் பவுன் சொன்னாள்:

"அருணு, அந்த ஏழாவது மாடிக்குச் சரின்னு சொல்லிடு."

"அம்மா! பக்கா?"

"பக்கா."

சுந்தரமூர்த்தி பாக்ரியைக் கீழே வைத்தார். "இன்னா அவசரம்? ஏழாவது மாடிக்குத் தண்ணி ஏறாது."

"மோட்டார் இருக்குப்பா."

"கரண்டு போனா?"

"ஜெனரேட்டர் இருக்குங்க மாமா," என்றாள் கிருஷ்ணப்ரியா.

"ஜெனரேட்டரு ரிப்பேரானா?"

"இவரு இப்படித்தான்," என்றாள் பவுன். "மாடின்னாலே எதனா ஒரு நொட்டை. எழுபத்தெட்டுல பால்கனியோட ரெண்டாவது மாடி குவார்ட்டர்ஸ் குடுத்தாங்க. சைக்கிளத் தூக்கிகினு ஏற முடியாதுன்னு வேணாம்னாரு. மூணு மாசம் திட்டினேன்."

திட்டினாள்தான். திட்டிக்கொண்டே உள்ளுக்குள் அந்த சைக்கிளைக் கும்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்து இறங்கத் திரும்பினார்கள். கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு வளைவு. ஏறும்போது முதுகுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் இப்போது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பாதை கீழே விழுந்துகொண்டே போனது. எங்கோ அடியில் கடக்வாஸ்லா அணைத் தண்ணீர் ஒரு தட்டு மாதிரி மின்னியது. பவுன் பாறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை!"

"ஒண்ணுமில்ல. கால்ல முள்ளு."

"ஷூ போட்டிருக்கியேம்மா!" என்றான் அருண்ராஜ். "அரே, நீ இரு. மேல போனா ஜீப் கிடைக்கும். அதுல எறங்கிடலாம்."

"ஜீப்பு வேணாம்," என்றார் சுந்தரமூர்த்தி. "அந்த வளைவுல சன்னல் வழியா பாத்தான்னா இன்னும் மோசம்."

பவுன் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"எத?"

"சன்னல் வழியா பாத்தா மோசம்னு."

அவர் வேட்டியை மடித்துக்கொண்டு அவளருகே உட்கார்ந்தார். "கல்யாணமாகி வந்தப்போ கிருஷ்ணா ஆத்துப் பாலத்து மேல ரயிலு போச்சே, ஞாபகம் இருக்குதா? கண்ண மூடிகினு என் சட்டையப் புடிச்ச. ரெண்டு பட்டன் பிஞ்சி வந்துச்சு. இன்னான்னு கேட்டா, தூக்கம்னே."

"அப்போ சைக்கிளு?"

"அந்த வயசுல ஒரு கையில தூக்குவேன்."

"தொண்ணூத்தொண்ணுல, மேல தண்ணி வராதுன்னு ஒரு வீட்ட வுட்டீங்களே?"

"அங்க தண்ணி ஆறா ஓடும்."

"ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

"நீ சொல்லல. நான் கேக்கல."

பவுனுக்குக் கோபம் வந்தது; கூடவே சிரிப்பும். "முப்பத்திரண்டு வருஷம் ஒரு மனுஷனுக்கு வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"வாங்கின திட்டு போதும், எந்திரி. எந்திரிக்க வேணாம், உக்காந்தே நகரு. நான் ஒரு படி கீழ போறேன். என் முதுகப் பாரு. வேற எதையும் பாக்காத."

அவர் கீழ்ப்படியில் இறங்கி உட்கார்ந்தார். அணை மறைந்தது. பள்ளம் மறைந்தது. சாம்பல் நிறச் சட்டையும் வியர்வையும்தான் தெரிந்தன.

"மறைக்குதா?"

"ஊரையே மறைக்குது."

"வண்டி வண்டின்னியே!"

இருவரும் உட்கார்ந்தபடியே இறங்கினார்கள். அவர் ஒரு படி, அவள் ஒரு படி. செங்குத்து முடிந்து நடக்க முடிந்த இடங்களில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கூடவே வந்த ரஃபீக் கணக்குச் சொன்னான்: "ஒரு பொங்கல் முடிஞ்சுதும்மா... இதோ ரெண்டாவது." மேலே ஏறி வந்த கல்லூரிப் பிள்ளைகள், "என்ன ஆச்சு பாட்டி?" என்று மராத்தியில் கேட்டார்கள். "ஒண்ணுமில்ல, எரிமலையைக் கிட்டப் பாக்கறோம்," என்று பவுனும் மராத்தியிலேயே சொல்லி அனுப்பினாள்.

அடிவாரத்துக்கு வந்தபோது மூன்று மணி. புடவையின் பின்பக்கம் முழுக்கச் செம்மண்.

"ஏழாவது மாடி வேணாம்மா," என்றான் அருண்ராஜ். குரல் இறங்கியிருந்தது. "நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம். வேற எங்கயாவது தரைத்தளம் பாக்கறேன்."

"ஏழு வேணாம்," என்றாள் பவுன். "அதே கட்டடத்துல ரெண்டாவது இருக்குதான்னு கேளு. பால்கனி இருக்கணும்."

"பால்கனியா? உனக்கு எதுக்கும்மா?"

"உங்கப்பா முன்னாடி நாற்காலி போட்டு உக்காரட்டும். நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

"அப்போ சைக்கிள எங்க வெக்கிறது?" என்றார் சுந்தரமூர்த்தி.

"ஒரு கையில தூக்குவேன்னீங்களே," என்றாள் பவுன்.